ஒரு சாண் அதிகம்!

போன் அடித்தது.

குமரகுரு எடுக்கவில்லை.

எடுக்க முடியாது! அவன் லாரிக்கு அடியில், நாலரை அடி ஆழக் குழிக்குள் ஸ்பானரும் கையுமாக நின்றுகொண்டிருந்தான். அவனுடைய போன் மேலே, சிவராஜின் சட்டைப் பையில் இருந்தது.

சிவராஜின் கையில் பிஸ்டல் இருந்தது.

குழியில் குமரகுருவுக்குத் துணைக்கு இன்னொருவனும் இருந்தான். டிரைவர் முனிசாமி. தார்ப்பாய்க்குள் சுருட்டி ஓரமாகப் போட்டிருந்தார்கள்.

பேச மாட்டான்... இனி எப்போதுமே!

"இளவரசின்னு வருது. யார்றா அது?" குழியின் விளிம்பில் குந்தியபடி கேட்டான் சிவராஜ்.

"என் சம்சாரம்."

"எதுக்குக் கூப்புடுறா?"

"எடுத்தாதான சார் தெரியும்!"

வாய்க்கொழுப்பு குமரகுருவுக்குப் பிறவியிலேயே உண்டு. பிஸ்டல் நெற்றிக்கு நேராக வந்ததும் அது கரைந்து போயிற்று.

"ஸ்பீக்கர்ல போடுறேன். ஒரு வார்த்தை ஏறுக்குமாறா பேசுன... அடுத்த தார்ப்பாய் உனக்கு. அவ இங்க வந்தான்னா, அவளுக்கும் ஒண்ணு!"

பச்சை பட்டனைத் தொட்டான்.

"ஏங்க, எத்தினி தபா அடிக்கிறது?" இளவரசியின் குரல் தகரக் கொட்டகை முழுக்க எதிரொலித்தது. "இன்னும் இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க? விளக்குச் சட்டி வாங்கியாந்துட்டேன். அஞ்சு மணிக்கு கோயில்ல இருக்கணும். மோர் எடுத்துக்கினு வரட்டா?"

சிவராஜ் போனின் வாயைக் கட்டைவிரலால் பொத்தினான். கிசுகிசுத்தான்.

"பிரியாணி துன்னுட்டேன், ஒண்ணும் வாணாம், வராதன்னு சொல்லு!"

குமரகுருவின் நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது.

இன்று கார்த்திகை ஞாயிறு. மண்சட்டியில் மாவிளக்கு ஏற்றி, அதைத் தலையில் வைத்துக்கொண்டு கச்சபேஸ்வரர் கோயிலைச் சுற்றி வருகிற நாள். விளக்கு எடுக்கிறவன் விடிந்ததிலிருந்து தண்ணீர், மோரைத் தாண்ட மாட்டான். காஞ்சிபுரத்துக்காரன் எவனும், கொலைகாரனே ஆனாலும், அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க மாட்டான்.

சிவராஜ் வெளியூர்!

குமரகுரு சொல்லிக் கொடுத்ததை அப்படியே சொன்னான்.

"பிரியாணி துன்னுட்டேன்மா. ஒண்ணும் வாணாம். நீ வராத."

இளவரசியின் பதில் ஒரே வார்த்தை.

"சரி!"

வைத்துவிட்டாள்.

அது என்ன சரி? புரிந்துகொண்டு சொன்ன சரியா? கோபத்தில் சொன்ன சரியா? கோபம் வந்தால் போனில் கத்துகிறவள் இல்லை இளவரசி. நேரில் வந்து, முகத்துக்கு முகம் நின்று கேட்கிற ரகம். செவிலிமேட்டு வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் கிளம்பினால் கால் மணி நேரம்.

வந்தால்... மூன்றாவது தார்ப்பாய்!

"இன்னாடா மரம் மாதிரி நிக்கிற? வேலைய பாரு!"

குமரகுரு ஸ்பானரைத் தூக்கினான்.

காலை ஏழு மணிக்குப் பட்டறை முதலாளி தேவேந்திரன் கூப்பிட்டார். 'லீவு நாள்தான், ஆனா அவசரம்பா. ஒரு பார்ட்டி வருவாரு. தொட்டி கழட்டின டிப்பர். அதுல பிப்த் வீல் ஏத்திக் கொடுத்துடு. நான் செங்கல்பட்டு வரைக்கும் போறேன்.'

பிப்த் வீல் என்றால் ஐந்தாவது சக்கரம் இல்லை. லாரியின் முதுகில், சேசிஸ் என்கிற அடிச்சட்டத்தின் மேல் உட்காரும் கனத்த இரும்புத் தட்டு. பின்பக்கம் பிளந்த வாய் இருக்கும். டிரெய்லரின் வயிற்றில் தொங்குகிற கிங் பின் என்ற இரும்பு முளை அந்த வாய்க்குள் நுழைந்ததும் தாடை கவ்விக்கொள்ளும். அப்புறம் லாரி போகிற இடத்துக்கெல்லாம் டிரெய்லரும் போகும்.

குமரகுரு தன் சாவியால் பூட்டைத் திறந்து, ஷட்டரைத் தூக்கி உள்ளே வந்தான். கொட்டகையின் பின்பாதியில் கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் ஒன்று முன்னங்கால்களை ஊன்றி நின்றது. சிவராஜ் டிப்பரை ஓட்டி வந்து குழியின் மேல் நிறுத்தி, ஷட்டரை இறக்கினான். அப்போதுகூட சந்தேகம் வரவில்லை.

ஒன்பது மணிக்கு ஒரு நட்டு கை தவறிக் குழிக்குள் விழுந்தது. குனிந்து தேடினான். தார்ப்பாய்க்கு வெளியே ஒரு கால் நீட்டிக்கொண்டிருந்தது.

அவன் அலறி முடிப்பதற்குள் பிஸ்டல் வந்துவிட்டது.

"முனிசாமியோட செவப்பு வண்டியத்தான் போலீசு தேடும்," என்று பிறகு சாவகாசமாக விளக்கினான் சிவராஜ். "கன்டெய்னர் முழுக்கப் பட்டு நூல்! வண்டிய மாத்தி, நம்பர மாத்தி, மூணு மணிக்குள்ள பாலாறு தாண்டிடுவேன். நீ ஒழுங்கா மாட்டிக் கொடு. உசுரோட வூட்டுக்குப் போ."

கடைசி வாக்கியத்தை குமரகுரு நம்பவில்லை. பிணத்தைப் பார்த்தவனை எவன் விடுவான்?

"இன்னும் எத்தினி போல்ட்டுடா?"

"நாலு."

"வெல்டு வெச்சுத் தள்ளேன்! அஞ்சு நிமிச வேலை!"

"சேசிஸ்ல நெருப்பு வெக்கக் கூடாது சார். வெடிப்பு வுட்டுடும். மேல் பட்டையில ஓட்டையும் போடக் கூடாது. பக்கத்துப் பட்டையில ஆங்கிள் வெச்சு, போல்ட்டுலதான் இறுக்கணும். இல்லன்னா வாலாஜாபாத்து தாண்டறதுக்குள்ள தட்டு தனியா, வண்டி தனியா போய்டும்."

சாகப் போகிறவனுக்கு எதற்கு இத்தனை சுத்தம்? குமரகுருவுக்கே தெரியவில்லை. கை பழக்கத்தில் இறுக்கிக்கொண்டே போனது.

மணி ஒன்று ஐம்பது.

இளவரசி கிளம்பியிருப்பாளா?

"சார், இதுக்கு முன்னாடி டிரெய்லர் ஓட்டியிருக்கீங்களா?"

"பத்து வருசம் டிப்பர் ஓட்னவன்டா நானு! எல்லாம் ஒரே ஸ்டீரிங்குதான!"

ஸ்பானர் நின்றது.

ஒரே ஸ்டீரிங்தான்... ஆனால் டிரெய்லர்காரன் தினமும் செய்கிற ஒரு காரியத்தை டிப்பர்காரன் வாழ்நாளில் ஒருமுறைகூடச் செய்திருக்க மாட்டான்!

குமரகுரு கடைசி போல்ட்டை இறுக்கினான். குழியிலிருந்து மேலே ஏறினான். தட்டின் மேல் கிரீஸை வழித்துத் தடவினான்.

"தட்டு ரெடி சார். டிரெய்லர் காலைக் கொஞ்சம் சரி பண்ணிட்டா மாட்டிடலாம்."

"பண்ணு. கண்ணு உம்மேலதான் இருக்குது!"

கண் அவன் மேல்தான் இருந்தது. கை செய்கிற வேலை என்ன என்றுதான் அந்தக் கண்ணுக்குத் தெரியவில்லை.

குமரகுரு டிரெய்லரின் முன்னங்கால் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினான். இறக்க வேண்டிய பக்கம் இல்லை, ஏற்றுகிற பக்கம்! பட்டு நூல் பாரம் முழுக்கத் தோளில் இறங்கியது. டிரெய்லரின் மூக்கு மெல்ல மெல்ல மேலே போயிற்று. இரண்டு அங்குலம்... நாலு அங்குலம்... ஒரு சாண்!

பின்னால் வருவதற்கு முன் டிரெய்லர்காரன் இறங்கிக் குந்திப் பார்ப்பான். தட்டும் டிரெய்லரும் உரசுகிற உயரத்தில் இருக்கின்றனவா என்று கண்ணால் அளப்பான். மூக்கு தூக்கி நின்றால் கிங் பின் தட்டைத் தொடாமலே தாண்டிவிடும். தாண்டினால் அதைத் தடுக்க எதுவும் இல்லை.

டிரைவரின் முதுகைத் தவிர!

"இன்னாடா, டிரெய்லரு தட்டுக்கு மேல அந்தரத்துல நிக்குது?"

செத்தோம் என்று நினைத்தான் குமரகுரு.

"வண்டி அடியில வந்ததும் அமுங்கிடும் சார். பாரம் இருக்குது இல்ல?"

சிவராஜ் தாடையைச் சொறிந்தான். டிரெய்லரைப் பார்த்தான். வாட்சைப் பார்த்தான்.

வாட்ச் ஜெயித்தது.

"நான் ரிவர்ஸ் வரேன். நீ கண்ணாடியில தெரிஞ்சிக்கினே இருக்கணும். மறைஞ்ச... அங்கியே சுடுவேன்!"

"சரி சார். அப்புறம்... மெதுவா வந்தீங்கன்னா லாக்கு விழாது. ஒரே மூச்சுல வேகமா வரணும்!"

"எனக்கே சொல்லித் தர்றியா?"

பூட்ஸ் காலோடு கேபினில் தாவி ஏறினான். ஒரு கையில் ஸ்டீரிங். ஒரு கையில் பிஸ்டல். இன்ஜின் உறுமியது.

குமரகுரு கண்ணாடியில் தெரிகிற இடத்தில் அசையாமல் நின்றான். முருகா... முருகா... முருகா...

லாரி பாய்ந்து வந்தது.

கிங் பின் தட்டைத் தொடவே இல்லை. ஒரு சாண் உயரத்தில் நிதானமாகக் கடந்து போயிற்று. அதன் பின்னால் கன்டெய்னரின் இரும்பு மூக்கு...

டமார்ர்ர்!

கேபினின் பின்சுவர் அப்பளமாக நொறுங்கியது. சீட்டு முன்னால் தள்ளப்பட்டது. ஸ்டீரிங் நெஞ்சில் பதிந்தது. ஜன்னல் வழியாகப் பறந்து வந்த பிஸ்டல் குமரகுருவின் காலடியில் விழுந்தது.

"ஐயோ... அம்மா... டேய்... எட்ரா என்னை!"

குமரகுரு ஷட்டரை நோக்கி ஓடினான். இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினான்.

அசையவில்லை!

மறுபடி தூக்கினான். வெளியே பூட்டு 'கடக் கடக்' என்று அடித்துக்கொண்டது.

வெளியே பூட்டு! யார் போட்டது?

காலையில் இதே பூட்டை அவன்தான் திறந்தான். அப்போதே பிணம் உள்ளே இருந்தது. டிரெய்லரும் உள்ளே இருந்தது. இந்தப் பூட்டுக்கு உலகத்தில் இரண்டே சாவிகள். ஒன்று அவன் பையில்...

"டேய் சிவராஜு!" ஷட்டருக்கு வெளியிலிருந்து வந்தது அந்தக் குரல். "இன்னாடா இம்மாம் பெரிய சத்தம்? குமரகுரு கதை முடிஞ்சிதா?"

முதலாளி தேவேந்திரன்!

பதினோரு வருஷம் சோறு போட்ட குரல். குமரகுருவின் தோளில் கை போட்டு 'நீ என் தம்பி மாதிரிப்பா' என்று சொன்ன குரல். பயத்தைவிட அதுதான் அவனுக்கு வலித்தது.

திரும்பி ஓடி, கீழே கிடந்த பிஸ்டலை எடுத்தான். எப்படிப் பிடிப்பது என்றுகூடத் தெரியவில்லை.

"பேசுடா! ரெண்டு பொணமும் குழியிலியே கெடக்கட்டும். டிரைவரும் மெக்கானிக்கும் குடிச்சிட்டு அடிச்சிக்கினு செத்தானுங்கன்னு நானே போலீசுக்கு போன் பண்ணிக்கிறேன். நீ வண்டிய எடுத்துக்கினு கெளம்பு!"

"போன் செலவு எதுக்கு சார்?" இன்னொரு குரல். ஒரு பெண் குரல்! "நாங்களே வந்துட்டோம்!"

அப்புறம் ஒரு தள்ளுமுள்ளு. யாரோ சுவரில் மோதுகிற சத்தம். சாவி திரும்பியது. ஷட்டர் 'கிறீச்'சென்று மேலே போக, வெயில் உள்ளே கொட்டியது.

இன்ஸ்பெக்டர் ஜோதிகா நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கான்ஸ்டபிள்களுக்கு நடுவே தேவேந்திரன் முகம் வெளுத்துத் தொங்கினார். ஆர்வத்தில் ஷட்டரோடு ஷட்டராக ஒட்டி நின்று கத்தியவர், முதுகுக்குப் பின்னால் ஜீப் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

அவர்களுக்கெல்லாம் பின்னால்... பூசைக்குக் கட்டிய மஞ்சள் சேலையில் இளவரசி!

"கார்த்திகை ஞாயித்துக்கெழமையில பிரியாணி துன்னாராம்!" மூச்சு வாங்கியது அவளுக்கு. "சண்டை போடத்தான் மேடம் கெளம்புனேன். பாதி வழியிலதான் மண்டையில ஒறைச்சிது. பதினாலு வருசமா வெளக்கு எடுக்கிற மனுசன், இது வரைக்கும் ஒரு கெழமை தப்புனதில்ல. வண்டிய நேரா ஸ்டேஷனுக்குத் திருப்பிட்டேன்!"

குமரகுரு பிஸ்டலைக் கீழே போட்டான். கிரீஸ் கையோடு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளைபோல் விசும்பினான். சேலை பாழாகிறதே என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"யாராச்சும்... எட்ங்கய்யா என்னை..." கேபினிலிருந்து சிவராஜ் முனகினான்.

ஜோதிகா படியில் ஏறி உள்ளே எட்டிப் பார்த்தாள். இறங்கினாள்.

"உசுருக்கு ஒண்ணுமில்ல. சீட்டுக்கும் ஸ்டீரிங்குக்கும் நடுவுல மாட்டிக்கிட்டிருக்கான். இவனை வெளிய எடுக்க எவ்ளோ நேரம் ஆகும் மெக்கானிக்?"

குமரகுரு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேபினைச் சுற்றிப் பார்த்தான்.

"கேஸ் கட்டர் வெச்சா பத்து நிமிசம் மேடம். போல்ட்டு போல்ட்டா கழட்டினா... ரெண்டு மணி நேரம் ஆவும்."

ஜோதிகா குழிக்குள் கிடந்த தார்ப்பாயை ஒரு கணம் பார்த்தாள். தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

"போல்ட்டு போல்ட்டாவே கழட்டுங்க... நான் போய் ஒரு டீ குடிச்சிட்டு வரேன்!"