இரண்டு எழுத்தின் விலை

மாலை 7.45. ஃபுனாஃபுட்டித் தீவில் ஜெப நேரம் முடிந்து வீடு திரும்பிய லாகி, கணவன் நெலசோனே கூடத்தில் குப்புறக் கிடப்பதைக் கண்டு அலறினாள். ஓதம் ஏறித் தரையிலிருந்து ஊறி வந்த கடல்நீர் கணுக்கால் அளவு நின்றது. மனுஷன் தடுக்கி விழுந்து மூச்சு முட்டிச் செத்தார் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

சார்ஜென்ட் சிகேலாவுக்கு மனசு ஆறவில்லை. குப்புற விழுந்தவருக்கு முதுகுச் சட்டை எப்படிச் சொட்டச் சொட்ட நனையும்? பிழிந்து ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பே இல்லை.

மறுநாள் 11 மணிக்கு ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து. நாட்டின் இணைய முகவரிக் கடைசியில் வரும் ‘டிவி’ என்ற இரண்டு எழுத்தை வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று இருபது வருஷத்துக்கு ஒரே வாடகையில் கேட்டது. விலை எகிறும், விடக்கூடாது என்று அறிக்கை எழுதியவர் நெலசோனே. அறிக்கையைக் காணோம். அவரை விட்டால் நாட்டின் சார்பில் கையெழுத்துப் போட அதிகாரம் இருந்தவன் லாகியின் அண்ணன் அபினேலு மட்டும்தான்.

காலை 8.10. அபினேலுவின் வீட்டு வாசலில் சிகேலா. மூன்று மாதமாக மழையில்லை. ஊர்க் கவுன்சில், வீட்டுக்கு இரண்டு வாளி தண்ணீர் அளந்து ஊற்றியது. அந்த வரிசையில் அவன் மனைவியும் நிற்பதை வழியில் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

"ஜெப நேரத்துல எங்கண்ணே இருந்தீங்க?"

"இங்கதான், தனியா. அவங்கல்லாம் சர்ச்சுக்குப் போயிட்டாங்க."

"நெலசோனே வந்தாரா?"

"வரல சார்ஜென்ட்."

"தாகமா இருக்கு. தண்ணி குடுங்க."

"இளநி வெட்டித் தரேன்."

சிகேலா மழைநீர்த் தொட்டியின் மூடியைத் தள்ளினாள். இடுப்பளவு தண்ணீர்.

"இவ்வளவு இருக்க, அண்ணிய எதுக்கு வாளியோட அனுப்புனீங்க? இதுலதான் அவரை முக்கிக் கொன்னீங்க. ஊரே கண்ணை மூடி ஜெபம் பண்றப்போ தூக்கிட்டுப் போய்ப் போட்டீங்க. இந்தத் தண்ணிய பிள்ளைங்க குடிக்க மட்டும் மனசு ஒப்பல."

அபினேலு தொட்டி மூடியை இழுத்து மூடினான்.

"பிரிஸ்பேன்ல வீடு தரேன்னான் கம்பெனிக்காரன். தீவே முழுகப் போகுது. நாடே இல்லாதப்போ அந்த எழுத்துக்கு எவன் காசு குடுப்பான்? என் பிள்ளைங்களுக்குக் காஞ்ச நிலம் வேணும்."

"அறிக்கை?"

"எரிச்சுட்டேன்."

"படிச்சீங்களா?"

இல்லையென்று தலையாட்டினான்.

"லாகி சொன்னா. நிலம் போனாலும் பேரு நம்மளோடதுதான், அந்த வாடகையில எல்லாருக்கும் வெளியூர்ல நிலம் வாங்கணும்னு எழுதியிருந்தாராம். முதல்ல போற குடும்பங்கள்ல உங்க பிள்ளைங்க பேரும் இருந்துச்சாம். அதைக் காட்டத்தான் உங்களைத் தேடி வந்தாரு."

அவன் கைகளை நீட்டினான். அவள் விலங்கை மாட்டினாள். 11 மணிக்குக் கையெழுத்துப் போட யாரும் போகவில்லை.