கோதெலீவா எங்கே போனாள்?

"ணங்!"

கலப்பை எதன்மீதோ மோதியது. டிராக்டரை அப்படியே விட்டுவிட்டு அப்பா குதித்து ஓடிவந்தார். வேலியோரம் நின்ற லீசலொட்டின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சாலைக்கு வந்த பிறகுதான் மூச்சு விட்டார்.

சாண்ட்ஹூக் கிராமத்துக்கு இது புதிதல்ல. நூறு வருடத்துக்கு முந்தைய போரில் விழுந்து வெடிக்காத குண்டுகள் இன்னும் மண்ணுக்குள் கிடக்கின்றன. சிறியதென்றால் பெரியவர்கள் மின்கம்பத்தடியில் வைத்துவிடுவார்கள். ராணுவ வண்டி எடுத்துப் போகும். இதுவோ பீப்பாய் போலப் புடைத்திருந்தது.

ராணுவ வீரர் யோரிஸ் வந்து பார்த்தார். டிராக்டரைக் கலப்பையோடு மெல்ல ஓட்டிவந்து சாலையில் நிறுத்தினார்.

"களிமண்ணுல இறுகிக் கெடக்கு. அசைக்க முடியாது. நாலு மணிக்கு அங்கேயே வெடிக்க வச்சிடுறோம்."

கூட்டத்திலிருந்து பாவோ சிரித்தான். லீசலொட்டின் வகுப்பில் படிப்பவன். "மணி வித்த வீட்டு நிலமாச்சே! குண்டுதான் விளையும்!"

லீசலொட்டின் தாத்தாவுக்குத் தாத்தா அலோயிஸ், தேவாலயத்தில் மணியடித்தவர். மணிக்குப் பெயர் கோதெலீவா. போர் நெருங்கியதும் ஊரே பிரான்சுக்கு ஓடியது. அலோயிஸ் வழியிலேயே காய்ச்சலில் இறந்தார். திரும்பி வந்தவர்கள் பார்த்தபோது தேவாலயம் செங்கல் குவியலாகக் கிடந்தது. குவியலில் மணியின் சில்லுகூட இல்லை. 'அவர்தான் வித்திருப்பார்' என்று யாரோ சொன்னார்கள். அந்தக் கெட்ட பெயர் இன்னும் போகவில்லை.

அப்பா வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டார். லீசலொட் கண்ணீரை விழுங்கிக்கொண்டு கலப்பையைப் பார்த்தாள். சட்டென்று குனிந்தாள்.

"சார், குண்டு இரும்புதானே? கலப்பையில ஏன் மஞ்சளா தடம் படிஞ்சிருக்கு?"

"குண்டைச் சுத்தி ஒரு செம்பு வளையம் இருக்கும் பாப்பா. அது உரசியிருக்கும்."

"அந்த வளையம் ரெண்டு விரல் அகலம்தானே? எங்க பள்ளிக்கூடத்துல நீங்கதான் படம் காட்டுனீங்க. இது என் கையைவிட அகலமா இருக்கே!"

யோரிஸ் மண்டியிட்டுப் பார்த்தார். எழுந்து தன் ஆட்களிடம் ஓடினார்.

"நிறுத்துங்க! வெடி வேணாம். கையால தோண்டுங்க!"

ஒரு மணி நேரம் ஆயிற்று. முதலில் மக்கிப்போன மெத்தைத் துணி வந்தது. அதற்கடியில் பச்சை பூத்த உலோகம். யோரிஸ் ஈரத் துணியால் துடைக்கத் துடைக்க எழுத்துகள் தெரிந்தன.

கோதெலீவா.

உள்ளே வைக்கோல் திணித்திருந்தது. வண்டியில் கொண்டுவரும்போது சத்தம் கேட்டுவிடாமலிருக்க, மணியின் நாக்கை ஒரு தோல் பெல்ட்டால் கட்டியிருந்தார்கள். பெல்ட்டின் பித்தளைக் கொக்கியில் அலோயிஸ் என்று பொறித்திருந்தது.

பாவோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"பாத்தீங்களாப்பா? அவர் விக்கவே இல்ல! ஒளிச்சு வச்சிருக்கார்!"

அப்பா அந்தக் கொக்கியிலிருந்த களிமண்ணைக் கட்டைவிரலால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நானும்கூட அவர் வித்துட்டார்னுதாம்மா இத்தனை நாளும் நெனச்சேன்."