ஜாடிக்குள் பசித்தவை

செத்துப்போயிருக்க வேண்டியவை சாகவில்லை. அதுதான் ஞானதுரைக்கு முதலில் உறுத்தியது.

போடி கடைத்தெருவில், அப்பாவின் ஏலக்காய்க் கடைக்கு மேலே இருந்த மாடியறையில், மூட்டைகளின் மணத்தையும் மீறி இரண்டு நாளாகக் கடல் கவிச்சி அடித்தது. ஜன்னலோரக் கண்ணாடி ஜாடியில், தூத்துக்குடிக் கடலடியிலிருந்து அள்ளிய சேறு. அதில் ஓடு கட்டி வாழும் ஓரணு உயிர்களுக்குத் தினம் ஒரு சொட்டுப் பாசி போட்டு, அவை தின்பதைக் குறித்துவைக்கச் சொல்லி, அந்த 1936 கோடை விடுமுறைக்குக் காலேஜ் புரபசர் அவனை நம்பி ஜாடியைக் கொடுத்திருந்தார். பாசி முதல் வாரமே காய்ந்துவிட்டது. சொல்ல வெட்கம். நாற்பது நாளாக நோட்டில் ‘இரை போடப்பட்டது’ என்று எழுதிவந்தான். இன்று மத்தியானம் புரபசர் வருகிறார். பொய் தெரிந்தால் படிப்பு போச்சு.

சேற்றில் ஒரு சொட்டை எடுத்து வைத்து, அடிக்கண்ணாடியில் வெயிலை வாங்கி மைக்ராஸ்கோப்பில் குனிந்தான். வாயும் வயிறும் இல்லாத அவை, ஓட்டுத் துளைகள் வழியே பிசுபிசுத்த இழைகளை வலையாக நீட்டி, அகப்பட்டதை வெளியிலேயே கரைத்து உள்ளே இழுத்துக்கொண்டிருந்தன. கொழுத்திருந்தன. மணல் பொறுக்கி ஓடு கட்ட வேண்டியவை, வெளிர்சிவப்பாய் எதையோ அடுக்கியிருந்தன.

வளைந்த சில்லுகள். நகம்.

தங்கை சாராள் பின்னால் வந்து நின்றாள்.

“நீ ஒண்ணும் போடாம எழுதுறதப் பாத்தேண்ணே. அப்பாவுக்குத் தெரிஞ்சா ஒன்ன வைவாக. அதான் நான் போட்டேன்.”

“என்னத்தப் போட்ட?”

முந்தானைக்குள்ளிருந்து வலக்கையை எடுத்தாள். ஐந்து விரலுக்கும் நுனி இல்லை. ரத்தமும் இல்லை. கரைந்த சோப்பைப் போல வழவழவென்று இருந்தது.

அவன் பொய்யைத் தன் சதையால் மெய்யாக்கியிருக்கிறாள். ஜாடியைத் தூக்கி உடைக்கக் கை நீட்டினான். கீழே புரபசரின் குரல் கேட்டது. அப்பா பெருமையாகச் சொன்னார்:

“ஒருநா தவறாம இரை போட்டுருக்கான் சார்.”

கை நின்றது.

“இன்னைக்கு இன்னும் போடலண்ணே,” என்றாள் சாராள்.

ஜாடிக்குள் கையை விட்டாள். மணிக்கட்டு வரை.

படியில் செருப்புச் சத்தம். அவன் தடுக்கவில்லை. தலை குனிந்து நின்றான்.

வெள்ளை இழைகள் ஜாடியின் விளிம்பைத் தாண்டின. அவள் முழங்கையை நோக்கி, அவசரமில்லாமல், ஏறின.