எட்டாம் பாகத்தை எழுதியது யார்?

ஸ்டேஷன் போன் அலறியது.

"மேடம்! கொலை மேடம், கொலை!"

பெண் குரல். அழுகையும் மூச்சிரைப்புமாக வந்தது.

எஸ்.ஐ. நிக்கத் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எங்க? யாரு? பதறாம சொல்லும்மா."

"எழுத்தாளர் குமரகுருவை யாரோ கொன்னுட்டாங்க மேடம்... கொன்னுட்டு அவர் பேர்ல எழுதிக்கினு இருக்காங்க!"

"நீ கண்ணால பாத்தியா?"

"பாக்கல மேடம். படிச்சேன்! எட்டாம் பாகத்தைப் படிச்சேன்!"

லைன் கட்.

ஹெட் கான்ஸ்டபிள் மணியம்மாள் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"காலையிலேர்ந்து இதே ரோதனை மேடம். காட்டேரிக் கதையைப் படிச்சிட்டு போலீசுக்குப் போன் பண்றாளுங்க. கலி முத்திடுச்சு!"

நிக்கத் சிரிக்கவில்லை.

விஷயம் இதுதான். விரூபன் என்று ஒரு ரத்தக் காட்டேரி. காஞ்சிபுரத்தை ஒட்டிய ஐயம்பேட்டையில் இருக்கும் குமரகுரு எழுதும் தொடர் நாவலின் ஹீரோ. ராத்திரியில் ரத்தம் குடிப்பான். பகலில் ஒரு பாழடைந்த வீட்டில், நெசவாளி காலைத் தொங்கப் போட்டு உட்காரும் தறிக்குழிக்குள் படுத்துத் தூங்குவான். ஏழு பாகம் வந்து, ஏழும் சக்கைப் போடு போட்டன. போன வாரம் எட்டாவது வந்தது.

வந்ததும் வாசகர் கூட்டம் கொதித்து எழுந்தது!

நிக்கத்தும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. ஸ்டேஷனில் யாருக்கும் தெரியாது. கட்டிக்கொடுத்த இடத்தில் புருஷன் அர்பாஸ் அவளைக் கை நீட்டி அடித்தான். ஒரு தடவை அல்ல, தினம் தினம். அவனைத் தலைமுழுகிவிட்டு, பெற்ற அம்மீ வீட்டுக்கு வந்து, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த நாட்களில் துணைக்கு இருந்தவன் இந்தக் காட்டேரிதான். ஏனென்றால் விரூபன் எந்த வீட்டு வாசலிலும் நின்று, 'உள்ளே வரலாமா?' என்று கேட்பான். 'வேண்டாம்' என்றால் திரும்பிப் போய்விடுவான். மனுஷனிடம் கிடைக்காத மரியாதை ஒரு பேயிடம் கிடைத்தது! அதைப் படித்துத்தான் எழுந்து உட்கார்ந்தாள், பரீட்சை எழுதினாள், காக்கி போட்டாள்.

எட்டாம் பாகத்தில் அதே விரூபன், எதிர்த்துப் பேசினாள் என்று காதலியை ஓங்கி அறைகிறான்.

படித்தபோது நிக்கத்துக்குத் தன் கன்னமே எரிந்தது.

அந்த மனுஷர் இதை எழுதியிருக்க மாட்டார். அவருக்கு என்னவோ ஆகிவிட்டது! ஒரு வாரமாக இதே பயம் அவள் நெஞ்சை அரித்துக்கொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் தேவராஜன் அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு மேஜையைத் தட்டிச் சிரித்தார்.

"பேய்க் கதைக்கு எஃப்.ஐ.ஆர். போடணுமாம்மா? சாட்சி சொல்ல காட்டேரிக்கு சம்மன் அனுப்புவியா?"

"ஒரு நடை போய்ப் பாத்துட்டு வந்துடறேன் சார். ஆள் நல்லா இருந்தா நல்லதுதானே?"

"நல்லா இருந்தா... நாளையிலேர்ந்து இந்த ஸ்டேஷன்ல உன் பேரு காட்டேரி எஸ்.ஐ. சம்மதமா?"

"சம்மதம் சார்."

ஜீப் கிளம்பியது. மணியம்மாள் செல்போனை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு வாசகர்கள் போட்ட கமெண்ட்டுகளை உரக்கப் படித்துக்கொண்டே வந்தாள்.

"'ஏழு பாகம் பட்டு, எட்டாம் பாகம் பாலியஸ்டர்!' ஐயய்ய, நம்ம ஊர்க்காரன் எவனோதான் எழுதிக்கிறான்... 'விரூபன் அளந்துதான் பேசுவான், இதுல பக்கம் பக்கமா பிரசங்கம் பண்றான்'... 'விரூபன் பொம்பளையை அடிப்பானா? எழுதின கையை உடைக்கணும்'..."

"அடுத்தது படிங்க."

"'தறிக்குழியை அவனே சிமெண்ட் போட்டு மூடிட்டான். இனிமே பகல்ல எங்க போய்த் தூங்குவான்? லாட்ஜ்லயா?'" மணியம்மாளுக்குப் புரையேறியது. "நல்லா கேட்டான்பா!"

நிக்கத் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஐயம்பேட்டை. அன்று அமாவாசை. நெசவாளிகளுக்கு லீவு. எந்த வீட்டிலும் தறிச் சத்தம் இல்லை. தெருவே வாயை மூடிக்கொண்டிருந்தது.

குமரகுரு வீட்டுக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

தட்டினாள்.

இன்னும் பலமாகத் தட்டினாள். நெஞ்சு அதைவிடப் பலமாக அடித்துக்கொண்டது.

கதவு திறந்தது...

குமரகுரு!

ஜிப்பா. தங்க ஃபிரேம் கண்ணாடி. பின் அட்டையில் பார்த்த அதே முகம். குத்துக்கல்லாட்டம் நின்றார்.

'யா அல்லா, ஷுக்ர்!' நன்றி சொல்லும்போதே நிக்கத்துக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்த நொடி வெட்கம் பிடுங்கித் தின்றது.

"சார்... மன்னிக்கணும். நீங்க உயிரோட இருக்கீங்களான்னு பாக்க வந்தோம்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "நல்லா பாருங்கம்மா. வேணும்னா கிள்ளிப் பாருங்க. உள்ள வாங்க, உக்காருங்க."

"எட்டாம் பாகத்தை வேற யாரோ எழுதினதா புகார் சார்."

சிரிப்பு நின்றது.

"எவன் சொன்னது?"

"வாசகருங்கதான். எழுத்து உங்களுது மாதிரி இல்லியாம்."

"கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை? அந்த ஏழும் சும்மா அழுமூஞ்சிக் கதைம்மா! எட்டாவதுதான் எழுத்து!"

"உடம்பு கிடம்பு சரியில்லாம, வேற யார்கிட்டயாவது எழுதி வாங்கினீங்களா சார்? இல்ல, கம்ப்யூட்டர் எழுதிக் குடுத்துச்சா? அதெல்லாம் இப்ப சகஜம்."

'ஆமாம்' என்று ஒரு வார்த்தை போதும். புத்தி உள்ளவன் சொல்லியிருப்பான். ஆனால் இவருக்கு இருந்தது புத்தி அல்ல, புகழ்!

"நான்தான் எழுதினேன்!" மார்பில் அறைந்துகொண்டார். "மொத எழுத்துலேர்ந்து கடைசி எழுத்து வரைக்கும்... என் கையால நான் எழுதினேன்!"

மணியம்மாள் முழங்கையால் இடித்தாள். "போலாம் மேடம். மானம் போனது போதும்."

நிக்கத் எழுந்தாள். ஆனால் கால் நகரவில்லை.

"சார், போலீஸா இல்ல, ரசிகையா ஒண்ணு கேக்கறேன். விரூபன் ஏன் ஒவ்வொரு வாசல்லயும் நின்னு கேட்டுட்டு உள்ள வர்றான்?"

"அது காட்டேரிங்களுக்கு உள்ள கட்டுப்பாடும்மா. கூப்டாம உள்ள வர முடியாது. எல்லா கதையிலயும் அப்டித்தான்."

நிக்கத்துக்கு உடம்பு சில்லிட்டது.

விரூபனுக்கு எந்தக் கட்டுப்பாடும் கிடையாது. மனுஷனாக இருந்த காலத்தில் அவன் ஒருநாள் குடித்துவிட்டு வந்து வீட்டுக் கதவை உதைத்தான். உள்ளே இருந்த மனைவி அந்தச் சத்தத்துக்குப் பயந்து கொல்லைக் கிணற்றில் குதித்தாள். அன்றிலிருந்துதான் கேட்கிறான். மூன்றாம் பாகம் முழுக்க அதுதான் கதை. படித்து அழாத வாசகி இல்லை.

எழுதியவருக்குத் தெரியவில்லை!

"மூணாம் பாகம் படிச்சிருக்கீங்களா சார்?"

"எழுதினவனைப் பாத்துக் கேக்கற கேள்வியாம்மா இது?"

"விரூபன் பொண்டாட்டி பேர் இன்னா?"

குமரகுரு கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார்.

"எத்தினியோ பேர் வெக்கறோம். எல்லாத்தையும் ஞாபகமா வெச்சிக்கினு இருப்பாங்க?"

அப்படியானால் இவர் பேரில் எழுதியது கூடவே இருக்கிற யாரோ! "உங்க வூட்டம்மா எங்க சார்?"

"மஹாலட்சுமியா? தாமல்ல... அவ அக்கா வூட்டுக்குப் போயிருக்கா."

"போன் போடுங்க. ஒரு வார்த்தை பேசிக்கறேன்."

"அங்க டவர் கெடைக்காதும்மா."

"தாமல்லயா?" மணியம்மாள் வாயில் கை வைத்தாள். "ஹைவே மேல இருக்குற ஊருக்கு டவர் இல்லியா? எங்க அண்ணன் தாமல் ஏரிக்கரையில ஆடு மேச்சிக்கினே வீடியோ கால்ல வருதுய்யா!"

குமரகுருவின் கழுத்தில் வியர்வை இறங்கியது.

நிக்கத் மெதுவாகச் சொன்னாள்.

"வாசகருங்க சொன்னது தப்பில்ல சார். கொலை நடந்திருக்குது. எழுத்தாளரைத்தான் கொன்னிருக்காங்க..."

"பைத்தியமா நீ? நான்தான் உயிரோட நிக்கறேனே!"

"நீங்க எட்டாம் பாகத்தை எழுதினவரு. அந்த ஏழு பாகத்தையும் எழுதின எழுத்தாளர் எங்க?"

அவர் வாசலைப் பார்த்துப் பாய்ந்தார். மணியம்மாளின் உடம்பு அங்கே குறுக்கே நின்றது. மோதிய வேகத்தில் அவர்தான் விழுந்தார்.

நிக்கத் உள் அறைக்கு ஓடினாள். ஓரமாக ஒரு பழைய தறி. அதன் முன்னால் குழி இருக்க வேண்டிய இடத்தில்... வழவழவென்று புது சிமெண்ட்!

அடப்பாவி! மனசுக்குள் கிடந்து உறுத்தியதை அடக்கத் தெரியாமல் கதையிலும் எழுதித் தொலைத்திருக்கிறான்.

ஆட்கள் வந்தார்கள். கடப்பாரை வந்தது. இன்ஸ்பெக்டர் தேவராஜனும் வந்தார், சிரிக்காமல். தெரு முழுக்க வாசலில் கூடியது.

முதலில் ஒரு கை தெரிந்தது. கண்ணாடி வளையல்கள் உடையாமல் இருந்தன.

நிக்கத் அந்தத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். காக்கி, ஸ்டார், அதிகாரி... எல்லாம் மறந்து விக்கி விக்கி அழுதாள். அன்று அறைக்குள் செத்தவள்போலக் கிடந்த தன்னை எழுதியே எழுப்பி உட்கார வைத்தவள் இவள்தான். இவள் பெயர்கூட இன்று காலை வரை தெரியாது. ஒரு நன்றி சொல்லவில்லையே!

"எட்டாவதுல அவ பேரைப் போடணும்னு நின்னா மேடம்." விலங்கு மாட்டிய கையோடு குமரகுரு முனகினார். "ஏழு மேடையில நான் மாலை வாங்கினவன். ஊரு சிரிக்காதா? ஒரே ஒரு அறைதான் வுட்டேன். தறிக்கட்டையில மோதி வுழுந்துட்டா. அவ எழுதி வெச்சிருந்ததையும் கொளுத்திட்டேன்..."

"ஒரே ஒரு அறைதான், இல்ல?" நிக்கத் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எல்லாரும் அப்டித்தான் சார் சொல்றாங்க. ஜீப்புல ஏறுங்க."

ஏறினார். ஏறியும் சும்மா இருந்தாரா? ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துக் கேட்டார்.

"மேடம்... நெசமா சொல்லுங்க. எட்டாம் பாகம் அவ்ளோ மோசமாவா இருந்துச்சு?"

நிக்கத் கதவை ஓங்கிச் சாத்தினாள்.

"அடுத்து வாக்குமூலம்னு ஒண்ணு இருக்குது சார், அதையும் உங்க கைப்படவே எழுதுங்க. இதுக்கு வாசகர் ஒரே ஒருத்தர்தான், ஜட்ஜய்யா. ஆனா அவர் எழுதப் போற விமர்சனத்தை... நீங்க ஆயுசு பூரா உள்ள உக்காந்து படிக்கலாம்!"