ஏணியடியில் ஒரு ஜோடி செருப்பு

ஏணியடியில் ஒரு ஜோடி செருப்பு கிடந்தது.

கிடந்ததில் என்ன தப்பு? ஒன்றும் இல்லை. அந்தப் பண்ணையில் அதுதான் சட்டம். மக்காச்சோளம் கொட்டிவைக்கும் தகரக் கோபுரத்துக்குள் யார் இறங்கினாலும் செருப்பை ஏணியடியில் விட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். வெளியே வந்ததும் மாட்டிக்கொண்டு போக வேண்டும். செருப்பு கிடக்கிறவரைக்கும் கோபுரத்தின் அடியில் சோளத்தை வெளியே தள்ளும் மோட்டார் திருகு ஓடக் கூடாது. ஓடினால் சோளம் நடுவில் குழிந்து இறங்கும், மேலே நிற்கிற ஆளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு. அந்தத் திருகை ஓட்டுகிறவன், இப்போது அந்தச் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிற இவன்தான். அதனால் பண்ணையில் இவனுக்குப் பெயரே சுவிட்ச்.

தப்பு வேறு இடத்தில் இருந்தது. பண்ணையில் அப்போது ஈ காக்கா கிடையாது. மதியம் சாப்பிடப் போன ஆட்கள் வானம் இருட்டிக்கொண்டு வருவதைப் பார்த்துத் திரும்பவே இல்லை. சோளம் ஏற்ற வந்த லாரிக்காரர் மட்டும் வண்டிக்குள் சாய்ந்து கிடந்தார். அவர் காலில் ஷூ இருந்தது.

சுவிட்ச் குனிந்து பார்த்தான். நீல வார். இடது வார் அறுந்து, செப்புக் கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தது. இடுக்கெல்லாம் காய்ந்த சாணி. ஆறு மாதத்துக்கு முன்னால் அந்தச் செருப்பைச் சாணிக்குழிக்குள் வீசியவனே அவன்தான்.

அன்றைக்கு அவன் ஏணியடியைப் பார்க்கவில்லை. அவ்வளவுதான் விஷயம். போனில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டே பட்டனைத் தட்டிவிட்டான். உள்ளே, ஈரத்தில் பாளம் கட்டிப்போன சோளத்தைக் கம்பியால் உடைத்துக்கொண்டிருந்தவன் அவனுடைய மச்சான், பெண்டாட்டியின் கூடப்பிறந்த அண்ணன். அலறல் கேட்டு ஓடிவந்தபோது செருப்பு இதே இடத்தில்தான், ஒழுங்காக, ஜோடியாக இருந்தது. மற்றவர்கள் வருவதற்குள் அதை எடுத்து வீசினான். விசாரிக்க வந்தவர்களிடம், "ஏணியடியில செருப்பு எதுவும் இல்லைங்க" என்று பவ்வியமாகச் சொன்னான். செருப்போடேயே ஏறிவிட்டான் என்று செத்தவன் தலையில் பழி விழுந்தது. எல்லோரும் நம்பினார்கள், பெண்டாட்டி ஒருத்தியைத் தவிர. அன்றிலிருந்து வீட்டில் தட்டு வைக்கிற சத்தம்தான் பேச்சு.

இந்தச் செருப்பு திரும்ப வந்ததும் அவள் வேலைதான். அவன் போனை எடுத்தான்.

"பண்ணைக்கு வந்தியா நீ?"

"நான் எதுக்கு அங்க வரேன்?"

"ஏணிகிட்ட எதையாவது வெச்சியா?"

"எதை வைக்கணும்?"

செருப்பு என்று சொன்னால் எந்தச் செருப்பு என்பாள்.

"எங்க அண்ணன் ஒரு நாளும் செருப்போட ஏறினதில்ல," என்றாள் அவள். "அது உங்களுக்கும் தெரியும்." வைத்துவிட்டாள்.

திமிரு. அவன் செருப்பை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு போய் மறுபடியும் சாணிக்குழியில் போட்டான். அது களுக்கென்று முழுகும்வரை நின்று பார்த்தான். பிறகு கையைக் கழுவிக்கொண்டு சுவிட்ச் ரூமுக்கு வந்து பட்டன்மேல் விரலை வைத்தான்.

டொக். டொக். டொக்.

கோபுரத்தின் தகரத்தில், உள்ளேயிருந்து.

லாரிக்காரர் தலையை நீட்டி, "என்னப்பா, மழைக்கு முன்னாடி ஏத்திருவோமா?" என்றார். அவருக்கு எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை. மண்ணாங்கட்டி, எலியாக இருக்கும், தகரம் சூடு தணிந்து சத்தம் போடும் என்றெல்லாம் நினைத்துப் பார்த்தான். ஆனால் எலி மூன்று மூன்றாக எண்ணித் தட்டுமா? உள்ளே நிஜமாகவே ஒரு ஆள் இருந்துவிட்டால்? இன்னொரு பிணத்துக்கு இன்னொரு பொய் சொல்ல அவனிடம் தெம்பில்லை.

"ஒரு நிமிஷம் அண்ணே. பார்த்துட்டு வந்துடறேன்."

சுவிட்ச் ரூமைப் பூட்டினான். இழுத்துப் பார்த்தான். சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டான். பழக்க தோஷம், தன் செருப்பை ஏணியடியில் கழற்றிவிட்டு ஏறினான். உச்சியில் இருந்த மூடியைத் திறந்ததும், பூசணமும் புளித்த மாவும் கலந்ததுபோல ஒரு வெக்கை முகத்தில் அடித்தது. கண் இருட்டுக்குப் பழகப் பழக, கீழே சோளம் வெளிறித் தெரிந்தது. மேல் பரப்பு முழுவதும் ஒரே பாளமாக, மெழுகிய தரைபோல, ஒரு சுவடும் இல்லாமல் கிடந்தது.

டொக். டொக். டொக். கீழே, மேலிருந்து பார்த்தால் தெரியாத சுவர் ஓரத்தில்.

"யாரு உள்ள?"

பதில் இல்லை. உள் ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்கினான். கடைசிப் படியில் நின்று ஒரு காலைப் பாளத்தின்மேல் வைத்து அழுத்திப் பார்த்தான். தாங்கியது. மற்ற காலையும் வைத்து, ஏணியை விட்டு இரண்டடி நகர்ந்து சுவர் ஓரம் எட்டிப் பார்த்தான். யாரும் இல்லை.

பாளம் உடைந்தது.

தொடைவரை உள்ளே போனான். சோளம் நாலா பக்கமும் சரிந்து கவ்விக்கொண்டது. கையை நீட்டினான். ஏணி விரல் நுனிக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது. காலை இழுத்ததும் இடுப்புவரை இறங்கினான். ஆடாமல் நின்றான். சாவி பைக்குள் இருக்கிறது, தொட்டுப் பார்த்தான். பயமில்லை. கத்தினால் லாரிக்காரர் வருவார்.

அப்போது உள்ளங்காலில் ஏதோ பட்டது.

சில்லென்று. இன்னொரு வெறுங்கால்.

லாரிக்காரரைக் கூப்பிட வாயைத் திறந்தான். குரல் வரவில்லை. வெளியே, கீழே, யாரோ செருப்பு மாட்டிக்கொள்ளும் சத்தம். சரக், டப். சரக், டப். வலது குதி தேய்ந்த நடை. ஆறு வருஷமாக அவனே போட்டுத் தேய்த்த, இப்போது ஏணியடியில் விட்டுவந்த செருப்பு.

சத்தம் ஏணியடியை விட்டு நகர்ந்தது. சுவிட்ச் ரூம் பக்கம். நின்றது.

சாவி பைக்குள்தான் இருந்தது. கதவு திறந்தது.

"உள்ள ஆளு யாரும் இல்லையேப்பா?" லாரிக்காரர் கேட்பது தெளிவாகக் கேட்டது.

"யாரும் இல்லைங்க." நிதானமான குரல். பவ்வியமான குரல். அவனுடைய சொந்தக் குரல். "ஏணியடியில செருப்பு எதுவும் இல்லைங்க."

அடியில் மோட்டார் உறுமியது. சோளத்தின் நடுவே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குழி விழுந்தது. மணிகள் ஒவ்வொன்றாக அதை நோக்கி உருளத் தொடங்கின. அவன் மார்புக்குப் பக்கத்தில், தகரத்துக்கு அந்தப் புறமிருந்து, யாரோ மெதுவாகத் தட்டினார்கள். டொக். டொக். டொக்.