இட்டேரியில் ஆறடி

"ஏனுங்க, யாரக் கேட்டுட்டு எங்க வேலியோரம் டேப்பு புடிக்கறீங்க?"

தூறலில் குனிந்திருந்தவன் நிமிர்ந்தான். மௌனிகா குடையைச் சாய்த்து அவனைப் பார்த்தாள். சண்டைக்கு வந்தவளைப் பார்த்துச் சிரிக்கிற கண்கள்... இதென்ன வம்பு!

"தாலூக் சர்வேயருங்க. பேரு பூபதிராஜா. இந்த இட்டேரிய அளக்க வந்தனுங்க."

கோவிந்தாபுரத்திலிருந்து பொள்ளாச்சிக்கு ஒரு காலத்தில் உப்பு வண்டிகள் போன, இருபுறமும் வேலியடைத்த பாதை அது. பஞ்சாயத்து அதை மறுபடி திறக்கப் போகிறது. அவள் முன்னோர்தான் அதற்கு நிலம் விட்டவர்கள். அந்தப் பெருமையைச் சொல்லாமல் விடுவாளா?

"இந்த வழிய மறிச்சவன் ஊட்டுல மாடு தங்காதுன்னு சொல்லுவாங்க. எங்கூட்டுல பத்து மாடு நிக்குதுங்க."

"அப்ப இந்த முனையப் புடிங்க. பெரிய மனுசங்க ஊட்டுப் புள்ள புடிச்சா அளவு தப்பாது."

கேலிதான். ஆனாலும் பிடித்தாள். அவன் டேப்பைச் சுருட்டச் சுருட்ட அவளும் பக்கத்தில் வந்துகொண்டே இருந்தாள்... மூன்று நாள் இப்படியே போனது.

நான்காம் நாள் அவன் சிரிக்கவில்லை.

"உங்க வேலி பாதைக்குள்ள ஆறடி வந்து நிக்குதுங்க. உங்கப்பா பேரு கெட வேண்டாம்... வேலியவே எல்லைன்னு எழுதிக்கறேன்."

பிரியத்தில்தான் சொல்கிறான் என்று தெரிந்தது. அதனால்தான் இன்னும் வலித்தது.

"எங்க குடும்பத்துக்குப் பிச்ச போடறீங்களா?" என்றவள் திரும்பிப் பாராமல் நடந்தாள்.

வீட்டில் அப்பா குப்பண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னாள். "ஊருக்கு வழி விட்டவங்கன்னு சொல்லிக்கிட்டு, மறைச்சு வாழோணுமாங்கப்பா?"

அவர் பாதிச் சோற்றில் கை கழுவினார்.

மறுநாள் பூபதிராஜா வந்தபோது, கொட்டும் மழையில் அப்பாவும் மகளும் வேலிக்கல்லைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். ஊரே பார்த்து நின்றது.

"எழுதிக்குங்க தம்பி," என்றார் குப்பண்ணன் எல்லோருக்கும் கேட்க. "எங்கய்யன் போட்ட வேலி. ஆறடி. கொறைக்காம எழுதோணும்."

மௌனிகாவுக்கு அப்பா அன்றுபோல் என்றுமே உயரமாகத் தெரிந்ததில்லை.

பூபதிராஜா அவளருகில் வந்தான். "நான் சொன்னது தப்புங்க. உங்க மேல இருந்த ஆசைல..."

"அத எங்கப்பன் முன்னால சொல்ற தைரியம் இருக்குதுங்களா?"

அவன் சேற்றில் இறங்கி நேரே குப்பண்ணனிடம் போனான்.

"ஏனுங்க, உங்க புள்ளையக் கட்டிக்கணும்னு எனக்கு ஆசைங்க."

குப்பண்ணன் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு மகளைப் பார்த்தார். ஊரும் பார்த்தது.

"எனக்கும் அவரப் புடிச்சிருக்குதுங்கப்பா," என்றாள் மௌனிகா, தலையைக் குனியாமல்.