பதினோரு முறை நீக்கிய கேள்வி

காலை 10.05. அக்காவை அழைத்துப்போக வந்த தம்பி, தையல் மெஷினுக்குப் பக்கத்தில் அவள் விழுந்து கிடப்பதைப் பார்த்தான். கழுத்தில் அளவெடுக்கும் டேப் இறுகியிருந்தது.

மாலைக்குள் அவனையே லாக்கப்பில் வைத்தார்கள். கணவன் வேலைக்குக் கிளம்பியது 8.32. தம்பி நுழைந்தது 10.02. இடையில் யாரும் வரவில்லை என்றது வாசல் கேமரா. அவளோ 9.45-க்குத் தன் இணையத் தையல் குழுவில் ஒரு பதிவு போட்டிருந்தாள்: ‘நூல் அடிக்கடி அறுந்துபோகிறதே, என்ன செய்யலாம்?’

"நான் வர்றேன்னு தெரிஞ்சும் நூலைப் பத்தி எழுதிட்டிருந்தாளா மேடம்? என்கூட வர மனசில்லையா அவளுக்கு?" அவன் கேட்டது இது ஒன்றைத்தான். இன்ஸ்பெக்டரால் அதை உதற முடியவில்லை.

வீட்டுக்குப் போனதும் குழுவைத் திறந்தார். நாற்பதாயிரம் பெண்கள்; இறந்தவள்தான் ஆறு வருடமாக அதன் தலைவி. அதே கேள்வி, அதே உடைந்த ஊசியின் படம் என்று சுற்றிச் சுற்றி வரும். ‘ஏற்கெனவே பேசியாச்சு, தேடிப் பாருங்கம்மா’ என்று எழுதிவிட்டு நீக்குவாள். துடைப்பக்கட்டை அக்கா என்று செல்லப்பெயர். அவளுடைய கடைசிப் பதிவுக்கும் அறுபது பேர் அலுக்காமல் பதில் சொல்லியிருந்தார்கள்: எண்ணெய் விடுங்க, ஊசியை மாத்துங்க.

மறுநாள் 11.20. கணவன் எதிரே உட்கார்ந்திருந்தான்.

"அந்தக் குழுவைப் பத்தி என்ன தெரியும்?"

"என்ன பெரிய குழு மேடம்? அரைச்ச மாவையே அரைப்பாங்க."

"நீங்களும் ஒரு கை அரைச்சிட்டீங்களே."

அவன் நிமிர்ந்தான்.

"நூல் கேள்வி ரெண்டு வருஷம் முன்னாடி அவங்க போட்டது. எழுத்துக்கு எழுத்து அதேதான். முன்னூறு பதில் வந்திருக்கவே அதை எடுத்தீங்க. ஆனா அதுக்கப்புறம் அதையே மத்தவங்க பதினோரு தடவை போட்டு, பதினோரு தடவையும் அவங்க நீக்கியிருக்காங்க. பன்னிரண்டாவதா அவங்களே போடுவாங்களா?"

"மறந்திருப்பா."

"9.45-க்கு வெளிவரட்டும்னு நேரம் குறிச்சது 8.14-க்கு, அவங்க போன்ல. அப்ப வீட்டுல நீங்க ரெண்டு பேர்தான். அதுவரைக்கும் அவங்க உயிரோட இருந்ததா காட்டினா தம்பிக்கு என்ன லாபம்? முன்னாடியே கிளம்பினவருக்குத்தான் அது வேணும்."

கணவன் சொன்னான்: "போறேன்னு யாருக்கோ எழுதியிருந்தா. பார்த்துட்டேன்."

அவள் எழுதிய அந்தச் செய்தி அன்று காலைதான் குழுவின் துணைத் தலைவியிடமிருந்து இன்ஸ்பெக்டருக்கு வந்திருந்தது. லாக்கப்பைத் திறந்துவிட்டு இன்ஸ்பெக்டர் அதைத் தம்பியிடம் நீட்டினார். அக்கா அதை அனுப்பியது முந்தைய நாள் காலை 7.50.

‘இனி குழுவை நீங்க பாத்துக்கங்க. தம்பி வர்றான், கிளம்பறேன். மெஷினை விட்டுட்டுப் போறதுதான் கஷ்டமா இருக்கு.’

படித்துவிட்டு அவன் சுவரில் சாய்ந்தான்.

"ஏழரைக்கே வர்றேன்னு சொன்னேன் மேடம். அவர் ஆபீஸ் போனதும் வா, வீண் சண்டை வேணாம்னு அவதான் சொன்னா."